தொண்டுக்குச் சம்பளமா? நம்ம வறண்ட பூமியில் படித்த பிள்ளைகள் பார்த்த ஒரு வேலையின் கதை



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். மகள் எம்.எஸ்.டபிள்யூ. முடித்திருக்கிறாள், ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. "சார், தொண்டு செய்யப் போறவளுக்குச் சம்பளம் எதுக்குன்னு எங்க அம்மா கேக்குறாங்க. இந்தச் சம்பளத்துக்குத் தொண்டு எதுக்குன்னு வீட்டுக்காரி கேக்குறா. நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

சரித்திர வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் கதைதான் வரும், உங்களுக்குத் தெரியாததா. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம்.

காரியாபட்டிக்கு மேற்கே டி.கல்லுப்பட்டி இருக்கிறதே, அங்கிருந்து தொடங்குகிறேன். அங்கே காந்தி நிகேதன் ஆசிரமம் 1940ல் ஆரம்பமானது. கோ.வேங்கடாசலபதி ஆரம்பித்தது. அந்த ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தவர் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் 1892ல் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் செய்தவர். பிறகு அமெரிக்கா போய் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியும் படித்தார். இந்தியாவின் வறுமைக்கும் அரசாங்கத்தின் வரி, செலவுக் கணக்குக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவர் எழுதியதை 1929ல் காந்தியிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதோடு ஆடிட்டர் வாழ்க்கை முடிந்தது. 1934ல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானபோது அதன் செயலாளர் ஆனார். செக்கு எண்ணெய், கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கையால் செய்த காகிதம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு எழுதிய மனிதர். 1960 ஜனவரி 30ல், காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார்.

இன்றைய பாஷையில் சொன்னால், வெளிநாட்டுப் பட்டத்தோடு தன்னார்வத் துறைக்கு வந்த பட்டதாரி அவர். இரண்டாவது ஆளும் நமக்குப் பக்கம்தான். டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். இளம் வயதில் கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்து, ஜி.ராமச்சந்திரனைக் கலப்பு மணம் செய்துகொண்டவர். இருவரும் சேர்ந்து 1947ல் சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். 1956ல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. 1976ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கிராமத்தில் வேலை செய்வதற்கென்றே ஒரு படிப்பு என்ற எண்ணம் நம் பகுதியில் வேர்விட்டது அங்கேதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குமரப்பா கல்யாணமே செய்துகொள்ளாதவர். சௌந்தரம் வசதியான வீட்டில் பிறந்தவர். விட்டுக்கொடுக்க அவர்களிடம் ஏதோ இருந்தது. ஆடிட்டர் தொழிலை விட்டார் என்பது தியாகம், சந்தேகமே இல்லை. ஆனால் விடுவதற்குக் கையில் எதுவுமே இல்லாத வீட்டுப் பிள்ளை அதே வேலைக்கு வந்தால் அவன் சாப்பாட்டுக்கு என்ன வழி? அந்தத் தலைமுறைக்கு இந்தக் கேள்வி வரவில்லை. ஆசிரமத்தில் சாப்பாடு, கதர் வேட்டி, படுக்க ஒரு குடில், தீர்ந்தது. பாட்டி கேட்கிற "தொண்டுக்குச் சம்பளம் எதுக்கு" என்ற கேள்வி அந்தக் காலத்து நியாயம்.

இன்னொரு பக்கம், நகரங்களில் சமூகப் பணியை ஒரு தொழிலாகவே கற்றுக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பம்பாயில் 1936ல் டாட்டா அறக்கட்டளை ஒரு பள்ளி தொடங்கியது. அதுதான் இன்றைய டிஸ். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952ல் சமூகப் பணிப் பள்ளி வந்தது. பிறகு மதுரைக்கும் வந்தது. நம்ம பக்கத்துப் பிள்ளைகள் எம்.எஸ்.டபிள்யூ. என்ற மூன்றெழுத்தைக் கேள்விப்பட்டது மதுரை வழியாகத்தான்.

அதில் ஒரு வேடிக்கை. 1948ம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நலவாழ்வு அலுவலர் இருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த வேலைக்குத் தகுதி இந்தப் படிப்பு. விளைவு, ஏழைகளுக்குச் சேவை செய்யப் பிறந்த படிப்பில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் பஞ்சாலைக்கும் மோட்டார் கம்பெனிக்கும் பர்சனல் ஆபீசராகப் போனார்கள். கிராம மேம்பாட்டுப் பிரிவை எடுத்தவனைப் பார்த்து வீட்டில், "அந்தப் பையனுக்குக் கிடைச்ச சீட்டு உனக்குக் கிடைக்கலையா" என்று கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

இனி நம்ம பழைய ராமநாதபுரம் ஜில்லா. செங்கப்படையில் பிறந்த ஜெகந்நாதன், காந்தியின் அழைப்பைக் கேட்டு 1930ல் கல்லூரிப் படிப்பையே விட்டவர். 1956, 57ல் வினோபா தமிழ்நாட்டில் நடந்தபோது பூதான இயக்கத்தை இங்கே தாங்கியவர்களில் முக்கியமானவர். அவர் மனைவி கிருஷ்ணம்மாள், தலித் குடும்பத்தில் பிறந்து பட்டம் படித்தவர். அந்தக் காலத்தில் அது எவ்வளவு அபூர்வம் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்.

பூதானத்தில் கிடைத்த நிலம் பெரும்பாலும் கொடுத்தவருக்குப் பயன்படாத தரிசு. வாங்கியவரிடம் மாடு இல்லை, கிணறு இல்லை, விதை இல்லை. அதைச் சரிசெய்ய 1969ல் வந்ததுதான் அசெஃபா. இத்தாலியின் சான்ரெமோ ஊரைச் சேர்ந்த தத்துவ ஆசிரியர் ஜொவான்னி எர்மிக்லியா அதன் தொடக்கத்துக்குக் காரணமானவர். இங்கே லோகநாதன் பொறுப்பெடுத்தார். நானும் ஒரு ஆசிரியன் என்பதால் எர்மிக்லியா பெயரைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பெருமை. பாடம் நடத்திய மனிதர் கண்டம் தாண்டி வந்து நம் கரிசல் தரிசுக்கும் செம்மண் மேட்டுக்கும் கிணறு வெட்டப் பணம் திரட்டினார். ஆசிரமம் நிறுவனமாக மாறியது இங்கேதான். நிறுவனம் என்றால் கணக்கர் வேண்டும், வேளாண்மை தெரிந்தவர் வேண்டும், ஊர் ஊராகப் போகிறவர் வேண்டும். அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும்.

சரியாக அந்த நேரத்தில் நம்மிடம் ஆள் தயாரானது. 1970 வாக்கில் அருப்புக்கோட்டையில் தேவாங்கர் கல்லூரியும் சைவ பானு சத்திரிய கல்லூரியும் வந்தன. காரியாபட்டி, மல்லாங்கிணறு, கல்குறிச்சி, திருச்சுழி, நரிக்குடிப் பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் பி.ஏ. வரலாறும் பி.ஏ. பொருளாதாரமும் படித்தார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. படித்து முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தார்கள். மானாவாரிப் பருத்தியும் கம்பும் மல்லியும் ஒரு மழை தப்பினால் கையை விரித்துவிடும். பட்டதாரிக்கு ஏர் பிடிக்கக் கூச்சம். பஸ் பிடித்துச் சிவகாசிக்குத் தீப்பெட்டி ஒட்டப் போகவும் கூச்சம்.

1985ல் காமராசர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது (1997க்குப் பிறகுதான் விருதுநகர் மாவட்டம் என்று பெயர்). அந்த எண்பதுகளில்தான் நம் தெருக்களில் தொண்டு நிறுவனப் பலகைகள் முளைத்தன. 1975ம் வருடத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு, வாடகைக்கு ஒரு ஓட்டுவீடு, ஒரு டைப்ரைட்டர், வாசலில் இரண்டு சைக்கிள். சிலது நல்லது, சிலது பலகையோடு சரி. இரண்டையும் நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

நல்லதில் ஒன்றைச் சொல்கிறேன். பாறைக்குளம் என்ற பெயர் நமக்குச் சாதாரணம். 1990 வாக்கில் ஸ்பீச் என்ற நிறுவனம் அங்கே வேலை செய்தது. அதிகாரி வந்து கணக்கெடுப்பதற்குப் பதிலாக, ஊர்க்காரர்களே தரையில் ஊரை வரைவார்கள். கண்மாய் எங்கே, ஓடை எங்கே, யாருக்கு நிலம், யாருக்கு இல்லை, எந்த மாதம் வேலை, எந்த மாதம் பட்டினி, எல்லாம் கோலப்பொடியிலும் புளியங்கொட்டையிலும் வரும். பங்கேற்பு முறைக் கிராம ஆய்வு என்று இதற்குப் பெயர். ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் அப்போது ஹைதராபாத்தில் தங்கி இந்த முறையைப் பரப்பிக்கொண்டிருந்தார். கர்நாடகத்தில் மைராடா, குஜராத்தில் ஆகா கான் அமைப்பு, தமிழ்நாட்டில் முன்னால் நின்றவர்களில் இந்த ஸ்பீச். பாறைக்குளத்து அனுபவம் லண்டனில் அச்சாகும் ஆய்வுக் குறிப்புகள் வரை போனது. உலகம் முழுக்க வளர்ச்சித் துறையில் படிக்கிறவர்கள் கையில் நம் வறண்ட ஊரின் பெயர் இருந்தது. நம் பாடப்புத்தகத்தில்தான் இல்லை.

அந்தக் கோலப்பொடி வரைபடத்தை ஊராரோடு உட்கார்ந்து கேட்டு எழுதிய வேலை யாருடையது? இந்த மாதிரி வேலைகளில் இருந்தவர்கள் எல்லாம் நம் பி.ஏ. பிள்ளைகள்தான். களப்பணியாளர் என்று பெயர். மண்ணைத் தொடத் தெரியும், நோட்டில் எழுதவும் தெரியும். இரண்டும் தெரிந்த ஆள் அப்போது குறைவு. என்னிடம் படித்த ஒருவன் அறுநூறு ரூபாய்க்கு ஒரு நிறுவனத்தில் (ஸ்பீச் இல்லை, வேறு) சேர்ந்தான். கையெழுத்து வாங்கியது அதைவிட அதிகமான தொகைக்கு என்று பிற்பாடு சொன்னான். நிறுவனத்தின் பெயர் இப்போது எதற்கு, அது மூடியே போய்விட்டது.

மேல்மட்டத்தில் இந்தக் கேள்வியை வேறு கோணத்தில் எடுத்தவர்கள் உண்டு. 1983ல் தீப் ஜோஷி, விஜய் மகாஜன் முதலானோர் டெல்லியில் பிரதான் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜோஷி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்தவர்; மகாஜன் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். இரண்டும். அவர்கள் வாதம் எளிமையானது. பெரிய கம்பெனிக்குப் போகிற கெட்டிக்காரன் கிராமத்துக்கும் வர வேண்டும். அவனுக்குப் பயிற்சியும் கௌரவமான சம்பளமும் கொடுக்க வேண்டும். ஏழைக்கு அரைகுறை வேலை போதும் என்பது அநியாயம். ஜோஷிக்கு 2009ல் மகசேசே விருது கிடைத்தது இதற்காகத்தான்.

அந்தப் பிரதான் வழியாக மதுரைக்கு வந்தவர் எம்.பி.வாசிமலை. விவசாயக் குடும்பம், வேளாண்மைப் பட்டம், அகமதாபாத் ஐ.ஐ.எம். முதலில் அசெஃபாவில் வேலை செய்தார். பிறகு மதுரைப் பக்கம் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களும், கண்மாய் சீரமைக்கும் வயலகமும் வளர்ந்தன. 1997ல் தானம் அறக்கட்டளை தனியாக உருவானது. களஞ்சியத்தில் தலைவியாக வளர்ந்த சின்னப்பிள்ளை அம்மாளின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் வணங்கியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நம்ம கண்மாய்களில் மடை கட்டி, கரை உயர்த்தி, ஆயக்கட்டுதாரர் சங்கம் அமைத்த பட்டதாரிகளைத் திருச்சுழிப் பக்கம் நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டு இன்ஜினியர் பிள்ளை ஒருவன் மடைத்தூம்புக்குள் இறங்கி அளவெடுப்பதைப் பார்த்த ஊர்ப் பெரியவர், "இவன் எந்தப் பரீட்சையில் பெயிலானான்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

பிரதான் சொன்ன வாதம் எனக்கு இன்றும் சரி என்றே படுகிறது. ஆனால் ஒரு பிளவும் கூடவே வந்துவிட்டது. மேலே, பெரிய படிப்புப் படித்தவருக்குத் தொழில்முறைச் சம்பளம். கீழே, அதே ஊரில் பிறந்து அருப்புக்கோட்டையில் படித்து அதே வேலையைச் செய்பவருக்கு மதிப்பூதியம். சம்பளம் என்று சொன்னால் சட்டம் வரும், மதிப்பூதியம் என்றால் வராது என்ற நினைப்பு பல நிறுவனங்களுக்கு. அரசாங்கமும் அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எப்படி நடந்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். அரிக்கேன் விளக்கு, தெருநாடகம், ராத்திரி வகுப்பு. எத்தனையோ பட்டதாரிப் பெண்கள் வீட்டை விட்டு முதன்முதலாக வெளியே வந்து பேசியது அந்த இயக்கத்தில். பெரும்பாலோர் வாங்கியது சான்றிதழ். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி, பட்டாசு வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்காக எண்பதுகளின் கடைசியில் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. அதன் சிறப்புப் பள்ளிகளில் பாடம் நடத்தியவர்களுக்கும் மதிப்பூதியம்தான். என்னைப்போல அரசுப் பள்ளியில் இருந்தவனுக்கு ஊதியக் குழு, அகவிலைப்படி, பென்சன். என்னைவிடக் கஷ்டமான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவருக்கு ஒன்றுமில்லை. இதை நான் சங்கக் கூட்டத்திலேயே பேசியிருக்கிறேன், கைதட்டினார்கள், அவ்வளவுதான்.

1992ல் நபார்டு வங்கி மகளிர் குழுக்களை வங்கியோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியது. 1997ல் தமிழ்நாடு அரசின் மகளிர் திட்டம். அதன் பிறகு பத்து வருடம் தொண்டு நிறுவன வேலைக்கு நம் பக்கம் பொற்காலம். குழு அமைக்க, கணக்கு எழுத, வங்கிக்குக் கூட்டிப்போக ஆள் தேவைப்பட்டது. டி.வி.எஸ். 50ல் பெண்கள் தனியாக ஆவியூர், முடுக்கன்குளம் என்று போய் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பியதை ஊர் முதலில் ஒரு மாதிரி பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் பிள்ளைகள் பலர் நாகப்பட்டினம் போனார்கள். இரண்டு, மூன்று வருடம் நல்ல சம்பளம். திட்டம் முடிந்தது, ஊருக்குத் திரும்பினார்கள். மகளிர் குழுக்களையும் பிறகு அரசே தன் கூட்டமைப்புகள் வழியாக நேரடியாக நடத்த ஆரம்பித்தது. நாற்பது வயதில், இருபது வருட அனுபவத்தோடு, வேலை தேடி நின்றவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் இன்று இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஒருவர் காரியாபட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை. ஒரு பெண் நல்லபடியாக ஊராட்சித் தலைவியாகி, அதிகாரிகளை அவர்கள் பாஷையிலேயே கேள்வி கேட்டார்.

இப்போது பணம் வரும் வழி மாறிவிட்டது. வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டம் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ல் வந்தது. 2010ல் புதிதாக எழுதினார்கள். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கிய ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். மோசடி செய்தவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடி விழுந்தது யாருக்கு? பெரிய நிறுவனத்திடம் கொஞ்சம் வாங்கி, ஐந்து பேரை வைத்து, பத்து ஊரில் வேலை செய்த காரியாபட்டி மாதிரி ஊர்களின் சின்ன அமைப்புகளுக்கு.

இந்தப் பக்கம், 2013 கம்பெனிச் சட்டப்படி, 2014 ஏப்ரலிலிருந்து, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சி.எஸ்.ஆர். என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். இந்தப் பணம் தொழிற்சாலை இருக்கும் இடத்தைச் சுற்றியே ஓடும். நம்ம பக்கம் சீமைக்கருவேலந்தான் நிற்கிறது. 2018ல் விருதுநகரையும் ராமநாதபுரத்தையும் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று மத்திய அரசு சேர்த்த பிறகு கொஞ்சம் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது. இன்று எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவருக்கு வரும் வேலையில் பாதி கம்ப்யூட்டரில் அறிக்கை தயாரிப்பது. கோலப்பொடிக்குப் பதில் எக்செல். அதையும் குறை சொல்ல மாட்டேன். கணக்கு இல்லாத தொண்டு குமரப்பாவுக்கே பிடிக்காது.

சரி, பெண்ணின் அப்பாவுக்கு என்ன சொன்னேன்? போகட்டும் என்றேன். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். வேலை நியமனக் கடிதம் தருகிறார்களா? சம்பளம் வங்கியில் வருமா? திட்டம் எத்தனை வருடம், முடிந்தால் அவளை என்ன செய்வார்கள்? இருபது பேருக்கு மேல் வேலை செய்தால் பி.எஃப். உண்டா? ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை கொடுத்த வரலாறு அங்கே இருக்கிறதா? இதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களே என்று அவர் தயங்கினார். பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் 1978லேயே உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வி.ஆர்.கிருஷ்ணய்யர் முன்னின்று எழுதிய தீர்ப்பில், ஆட்களை வேலைக்கு வைத்து ஒழுங்காக நடத்தப்படும் தர்ம நிறுவனமும் 2025 வரை இருந்த தொழிலாளர் சட்டத்தின் பார்வையில் தொழில்தான் என்று சொன்னது. நிறுவனத்தின் நோக்கம் புண்ணியமாக இருக்கலாம். அங்கே பெருக்குகிற அம்மாவுக்கும் ஊர் ஊராக அலைகிற பெண்ணுக்கும் அது பிழைப்பு. நேர்மையான நிறுவனம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. சுளித்தால் அதுவே பதில்.

கடைசியாக ஒன்று, இது எண்பது, தொண்ணூறுகளில் களப்பணிக்குப் போன மாணவ மாணவிகளுக்கு. உங்களில் பலருக்கு இப்போது ஐம்பத்தெட்டு நெருங்குகிறது, சிலருக்குத் தாண்டிவிட்டது. 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், பத்து வருடப் பணிக்காலம் சேர்ந்திருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. பல நிறுவனங்கள் மாறியிருந்தாலும் ஒவ்வொன்றிலும் பிடித்த பணிக்காலத்தைச் சேர்த்துக் கணக்கிடலாம். தொகை சிறியதுதான், ஆனாலும் உங்களுடையது. சிலர் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு தங்கள் பழைய பி.எஃப். எண்ணை மறந்தே போயிருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியில் பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, பி.எஃப். சீட்டு எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மதுரை பி.எஃப். அலுவலகத்துக்கு எழுத வேண்டிய விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.